கால் சுற்று

ஊயுனியில் விடியற்காலை, மைனஸ் பதினொன்று.
எஞ்சினைத் தொடாமல் கொண்டு வா என்றிருந்தேன்.
சூடேறிவிட்டால் இரும்பு விரிந்து
தன் ஓட்டையைத் தானே பொத்திக்கொள்ளும்.
இரண்டு தெரு தள்ளியே கொண்டுவந்தான் நோல்பெர்த்தோ,
பின்னால் அவன் மைத்துனன், கக்கத்தில் தெர்மாஸோடு.

"தலை வலிக்கிறது, காசில்டா."
சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.
இந்த உயரத்திலேயே பிறந்தவன்.
இவனை வயிற்றில் சுமந்தபடி
கணவாய் தாண்டி
வெள்ளீயச் சுரங்கத்துக்குச் சோறு கொண்டுபோனவள் இவன் அம்மா.
மலை இவனுக்கு ஒருநாளும் தலைவலி தந்ததில்லை.

சுற்றுலாக்காரர்களுக்கு வலிக்கும், அது வழக்கம்.
உப்புவெளி முடிந்து எரிமலைப் பாதை ஏறும்போது
ஒருத்தி நெற்றியைப் பிடிப்பாள்,
ஒருவன் ஜன்னலில் சாய்வான்.
கோக்கா இலைத் தேநீர் ஊற்றுவான் இவன்.
"உயரம்தான், பழகிவிடும்" என்பான்.
குளிருமே என்று
நாலு கண்ணாடியையும் ஏற்றிவிடுவான்.

"பூஸ்ட் முள் சரியாகத்தான் நிற்கிறது."
நிற்கும்.
டர்போவைத் தாண்டித்தான் கசிகிறது.
வேலை வாங்கியாயிற்று,
இனிப் புகை எங்கே போனால் அதற்கென்ன.

மல்லாந்து உள்ளே போனேன்.
டர்போவும் குழாயும் வாய்வைத்த இடத்தில்
கிளாம்ப்பின் ஒரு பக்கம் மட்டும் கரி,
அவசரத்தில் ஒரு கண்ணுக்கு மட்டும் இட்ட மை மாதிரி.
அதற்கு மேலே, கேபின் தகரத்தில், பழைய வயர் போன துளை.
ரப்பர் மூடியைக் காணோம்.

தூசி உறிஞ்சியை ஊதும் பக்கம் மாற்றி
வால்குழாயில் துணி சுற்றிச் செருகினேன்.
வெந்நீரில் சோப்பு. பச்சைத் தண்ணீர் என்றால் உறைந்துவிடும்.
தெளித்து, காத்திருந்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, பால் குடித்த குழந்தை கக்குவதுபோல
கிளாம்ப்பின் ஓரத்தில் நுரை.

"யார் இறுக்கியது?"
மைத்துனன் தெர்மாஸைத் திறந்தான், மூடினான்.
மூன்று தடவையாம்.
போல்ட்டில் மரையே இல்லை.
கிளாம்ப்பின் இரு முனையும் முட்டிக்கொண்டு நிற்கின்றன,
இனி இறுக இடமில்லை.

தவறு அங்கே இல்லவே இல்லை.
ஒரு கை தூரம் பின்னால்
குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்து கிடந்தது.
அத்தனை எடையும் இந்த ஒரு மூட்டில் தொங்க,
வாய் கோணி,
கோணிய வாயை இவர்கள் நெரித்திருக்கிறார்கள்.

கிளாம்ப்பை அறுத்தேன்.
விளிம்பில் கட்டிய கரியைச் சுரண்டி
நகத்தால் வட்டம் முழுக்க வருடிப் பார்த்தேன்.
சிவப்பு சிலிக்கான் டியூபை நீட்டினான் மைத்துனன்.
"பையில் வை."
முதலில் ரப்பர். குழாய் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளட்டும்.
அப்புறம் புதுக் கிளாம்ப், மரையில் செம்புப் பசை.
கொஞ்சம் இறுக்கு, மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டு.
நட்டு மறுபடி இளகும்.
இறுக்கு. தட்டு. இளகாதபோது நிறுத்து.

மறுபடி சோப்பு. நுரை இல்லை.
துளைக்கு மூடியும் போட்டேன்.

"நாற்பது கிலோமீட்டர் ஓட்டு, ஆறவிடு, வா.
இன்னொரு கால் சுற்று கேட்கும்."

அவன் போகவில்லை.
ஸ்டியரிங்கில் விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.
கார்னிவல் முடிந்த வாரம் ஒரு பள்ளத்தில் அடிபட்டது.
அன்றிலிருந்து வாரம் இரண்டு பயணம்,
பயணத்துக்கு ஆறு பேர்.
"சிவப்பு ஏரிக்கரையில் ஒரு ஸ்லோவேனியப் பெண்
வாந்தி எடுத்தாள்.
நான் சிரித்தேன், காசில்டா.
தேநீருக்கு ஐந்து பொலிவியானோ வாங்கினேன்."
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன் நான்,
துடைத்ததையே.

இருட்டிய பிறகு திரும்பி வந்தான்.
ஆறவிட்டுப் படுத்து நட்டில் ஸ்பேனரை வைத்தேன்.
கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவே கேட்டது.

வெளியே உப்பிலிருந்து காற்று.
நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன.
"சரியாகிவிட்டது, ஏற்றிக்கொள்" என்றேன்.
தலையாட்டினான்.
ஏற்றாமலே போனான்.